நான்கரை மதிப்பெண் பெரிதா, சிறிதா? – வாசகர் கேள்வி பதில்

புள்ளியியலில் எந்த இடத்தில் மாட்டிக்கொள்கிறீர்கள் என்று சென்ற இதழில் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே இடத்தில்தான் நிற்கின்றன. கையில் ஒரு சாம்பிள், அதாவது பெரிய கூட்டத்திலிருந்து எடுத்த ஒரு சிறு பகுதி, இருக்கிறது, அதற்கு ஒரு சராசரி வந்திருக்கிறது, முழுமைத்தொகுதியின், அதாவது அந்த முழுக் கூட்டத்தின், சராசரி என்று இன்னொரு எண்ணும் தெரியும், இரண்டும் ஒத்துப்போகவில்லை. இந்த வித்தியாசம் நிஜமா, தற்செயலா? ஆகவே இந்த மாதம் முழுக்க இதையே பேசிவிடலாம். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

கேள்வி: ஒரு திறனறித் தேர்வு. சராசரி 100, திட்ட விலக்கம் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து பொதுவாக எவ்வளவு விலகுகின்றன என்ற அளவு) 15 வரும்படி அமைக்கப்பட்டது. புதிய முறையில் பயிற்சி பெற்ற 36 பேர் அதை எழுதினார்கள், அவர்களுடைய சராசரி 104.5. வித்தியாசம் 4.5-ஐ 15-ஆல் வகுத்தால் 0.3 வருகிறது, அதாவது ஒன்றுமே இல்லை. ஆனால் விடைக்குறிப்பில் 1.8 என்று போட்டிருக்கிறார்கள். அது எங்கிருந்து வந்தது?

பதில்: நீங்கள் வகுத்த 15, தனி ஒருவரின் மதிப்பெண்ணுக்கான அளவுகோல். ஒரே ஒருவர் 104.5 வாங்கினால் யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள், அந்த அளவு ஏற்ற இறக்கம் சாதாரணம். ஆனால் உங்கள் கையில் இருப்பது ஒருவரின் மதிப்பெண் அல்ல, 36 பேரின் சராசரி. 36 பேரைக் கண்ணை மூடிக்கொண்டு பொறுக்கினால் அதில் 125 வாங்குபவரும் இருப்பார், 80 வாங்குபவரும் இருப்பார். ஒருவர் மேலே இழுப்பதை இன்னொருவர் கீழே இழுத்துச் சரிக்கட்டிவிடுவார். அதனால் சராசரி என்பது தனி மதிப்பெண்ணைப் போல அங்கும் இங்கும் அலையாது, 100-க்குப் பக்கத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கும்.

எவ்வளவு பக்கத்தில்? திட்ட விலக்கத்தைச் சாம்பிளில் உள்ளவர்களின் எண்ணிக்கைக்கு வர்க்கமூலம் எடுத்து அதனால் வகுக்க வேண்டும். √36 என்பது 6, 15-ஐ 6-ஆல் வகுத்தால் 2.5. இதற்குப் பெயர் திட்டப் பிழை. பிழை என்றவுடன் யாரோ தப்பு செய்துவிட்டதாக நினைக்க வேண்டாம், சாம்பிளுக்குச் சாம்பிள் சராசரி எவ்வளவு அசையும் என்பதுதான் அது. இப்போது 4.5-ஐ 2.5-ஆல் வகுத்துப் பாருங்கள், 1.8.

வர்க்கமூலம் வருவதைக் கவனித்தீர்களா? திட்டப் பிழையைப் பாதியாக்க வேண்டுமானால் ஆட்களை இரண்டு மடங்காக்கினால் போதாது, நான்கு மடங்காக்க வேண்டும். 36 பேருக்கு 2.5 என்றால் 1.25-க்கு 144 பேர் தேவை. ஆய்வுக்குப் பணம் கேட்டுப் போகிறவர்களின் வயிற்றில் புளியைக் கரைக்கும் கணக்கு இது.

சரி, 1.8 கிடைத்துவிட்டது, அதை வைத்து என்ன செய்வது? இங்கேதான் ஒரு கற்பனை உலகம் தேவைப்படுகிறது. அந்த உலகத்தில் புதிய பயிற்சியால் எந்த மாற்றமும் இல்லை. உங்கள் 36 பேரும் முழுமைத்தொகுதியிலிருந்து எடுத்த வேறு எந்த 36 பேரைப் போன்றவர்கள்தான். இதுதான் இன்மைக் கருதுகோள். அந்த உலகத்தில் மறுபடி மறுபடி 36 பேரை எடுத்துச் சராசரி பார்த்துக்கொண்டே இருந்தால் 100 தடவைக்குச் சுமார் 95 தடவை விடை 100-லிருந்து திட்டப் பிழையின் 1.96 மடங்குக்குள், அதாவது 4.9-க்குள், 95.1-க்கும் 104.9-க்கும் இடையில் விழும். உங்களுடைய 104.5 அந்த எல்லைக்குள்தான் இருக்கிறது, விளிம்புக்குப் பக்கத்தில் என்றாலும் உள்ளேதான். பி மதிப்பு சுமார் 0.072. அதாவது பயிற்சி ஒன்றுமே செய்யாத அந்த உலகத்தில்கூட, 100-லிருந்து மேலேயோ கீழேயோ இவ்வளவு தூரம் அல்லது இதைவிட அதிகமாக விலகிய சராசரி 100-க்கு 7 தடவை சும்மாவே வரும்.

5 சதவீதக் கோட்டை முன்பே போட்டு வைத்திருந்தால் இன்மைக் கருதுகோளை நிராகரிக்க முடியாது. சோதனை சொல்வது இவ்வளவுதான். ஒரு கற்பனை உலகத்தை எடுத்துக்கொண்டு, அதில் நம் சாம்பிள் எவ்வளவு அபூர்வம் என்று மட்டும் சொல்கிறது. இதற்கு மேல் அதன் வாயைப் பிடுங்கினால் பொய்தான் வரும், கீழே உள்ள பல கேள்விகளில் நடந்திருப்பது அதுதான்.

கேள்வி: இதே கணக்கில், மேலே விலகுவதை மட்டும் எண்ணும் ஒருமுனைச் சோதனை போட்டால் பி மதிப்பு 0.036 வருகிறதே, 0.05-க்குக் கீழே போய்விடுகிறது. பயிற்சி என்றால் மதிப்பெண் கூடத்தானே செய்யும்? ஒருமுனையே போட்டுவிடலாம் அல்லவா?

பதில்: ஒருமுனை என்று எப்போது முடிவு செய்தீர்கள்? 104.5 என்ற எண்ணைப் பார்ப்பதற்கு முன்பா, பின்பா?

பின்பு என்றால் செல்லாது. ஒருவேளை 95.5 வந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? "புதிய முறை கெடுதல் செய்கிறது" என்று மறுமுனையில் சோதனை போட்டிருப்பீர்கள், நானும் அதைத்தான் செய்திருப்பேன், மனித சுபாவம். மேலே போனாலும் கீழே போனாலும் ஆளுக்கு 5 சதவீதம் எடுத்துக்கொண்டால் பயிற்சியால் எதுவும் நடக்காதபோது தவறாக அலாரம் அடிக்கும் வாய்ப்பு 10 சதவீதம் ஆகிவிடுகிறது. அறிக்கையில் மட்டும் 5 என்று எழுதுவீர்கள்.

அப்புறம், பயிற்சி என்றால் கூடத்தான் செய்யும் என்பது ஆசை. குழப்பிவிடும் பயிற்சிகளும் உண்டு. எதிர்த்திசையில் எவ்வளவு பெரிய வித்தியாசம் வந்தாலும் அதை "ஒன்றுமில்லை" என்றே எழுதுவேன் என்று தரவைத் திறப்பதற்கு முன்பே எழுதி வைக்கத் தயார் என்றால் ஒருமுனை போடுங்கள். தயார் இல்லை என்றால் மேலும் கீழும் இரண்டையும் எண்ணும் இருமுனைதான். என்னைக் கேட்டால் சந்தேகம் வந்தாலே இருமுனை.

கேள்வி: பி மதிப்பு 0.03 வந்தால் இன்மைக் கருதுகோள் உண்மையாக இருக்க 3 சதவீதம்தான் வாய்ப்பு, நம் கண்டுபிடிப்பு 97 சதவீதம் சரி என்று எங்கள் குழுவில் எழுதுகிறோம். ஒரு நண்பர் மட்டும் தவறு என்கிறார்.

பதில்: நண்பர் பக்கம்தான் நியாயம். 0.03 என்பது கற்பனை உலகத்துக்குள் நின்று போட்ட கணக்கு. "இன்மைக் கருதுகோள் உண்மை" என்று ஏற்றுக்கொண்ட பிறகு வந்த எண்ணை வைத்தே அது உண்மையா என்று எப்படி அளப்பது?

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். 1000 ஆய்வுகள் நடக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் 100-ல் மட்டும்தான் உண்மையிலேயே வித்தியாசம் இருக்கிறது, மீதி 900-ல் ஒன்றும் இல்லை. உண்மை வித்தியாசத்தைப் பிடிக்கும் திறன் 50 சதவீதம் என்றால் அந்த 100-ல் 50 சிக்கும். ஒன்றும் இல்லாத 900-ல் 5 சதவீதம், அதாவது 45, தற்செயலாகவே 0.05-க்குக் கீழே வந்து விழும். ஆக 0.05-க்குக் கீழே வந்ததால் "முக்கியத்துவம் உண்டு" என்று கொண்டாடும் 95 ஆய்வுகளில் 45 வெறும் காற்று, கிட்டத்தட்ட பாதி! எல்லாவற்றிலும் 0.05 என்ற விதி ஒழுங்காகத்தான் பின்பற்றப்பட்டிருக்கிறது, யாரும் ஏமாற்றவில்லை.

உங்கள் துறையில் அந்த 100 என்ற எண் எவ்வளவு என்பது பி மதிப்புக்குத் தெரியாது. அமெரிக்கப் புள்ளியியல் சங்கம் 2016-ல் பி மதிப்பைப் பற்றித் தனியாக ஒரு அறிக்கையே வெளியிட்டது. கருதுகோள் உண்மையாக இருக்கும் நிகழ்தகவை பி மதிப்பு அளப்பதில்லை என்பது அதில் உள்ள கொள்கைகளில் ஒன்று. நண்பரிடம் சொல்லுங்கள், அடுத்த கூட்டத்தில் உதவும்.

கேள்வி: அதென்ன எப்போதும் 0.05? யார் வைத்த கோடு?

பதில்: ரொனால்ட் ஃபிஷர். 1925-ல் வந்த தன் புத்தகத்தில், 20-க்கு 1 என்ற வாய்ப்புக்கு எல்லை 1.96, கிட்டத்தட்ட 2 திட்ட விலக்கம், அதை எல்லையாக வைத்துக்கொள்வது வசதி என்று எழுதினார். வசதிதான் காரணம். துகள் இயற்பியலில் புதிய துகளைக் கண்டுபிடித்ததாக அறிவிக்க 5 திட்ட விலக்கம் கேட்கிறார்கள், அது ஏறக்குறைய 35 லட்சத்தில் 1. 2012-ல் ஹிக்ஸ் போசானை அப்படித்தான் அறிவித்தார்கள். தவறான அலாரத்தால் எவ்வளவு நஷ்டம் என்பதைப் பொறுத்துக் கோட்டை நீங்களே போடலாம், தரவைப் பார்ப்பதற்கு முன்பு போட வேண்டும் என்பது மட்டும்தான் நிபந்தனை. 0.049-க்குக் குதிப்பதும் 0.051-க்கு அழுவதும் வேண்டாத வேலை.

கேள்வி: சாம்பிள் 30-க்கு மேல் இருந்தால் இசட் சோதனை, கீழே இருந்தால் டி சோதனை என்று மனப்பாடம் செய்திருக்கிறேன். இயந்திரம் நிரப்பும் 500 கிராம் பைகளில் 9 எடுத்து எடை பார்த்தோம். சராசரி 496 கிராம், திட்ட விலக்கம் 6 கிராம். இசட் போட்டால் இயந்திரம் குறைவாக நிரப்புகிறது என்று வருகிறது, டி போட்டால் வரவில்லை. எதை நம்புவது?

பதில்: டி-யை. ஆனால் 30 என்ற விதியை வைத்து அல்ல. நீங்கள் கேட்டுக்கொள்ள வேண்டியது இது: திட்ட விலக்கம் உங்களுக்கு எங்கிருந்து கிடைத்தது?

முதல் கேள்வியில் இருந்த 15, தேர்வை அமைத்தவர்களே சொன்னது, சாம்பிளுக்கு வெளியிலிருந்து வந்தது. அங்கே நாம் போட்டது இசட்தான், அது சரி, ஆட்கள் 10 பேர் என்றாலும் மதிப்பெண்கள் இயல்நிலைப் பரவலில் (நடுவில் குவிந்து இருபுறமும் சமமாகக் குறையும் மணி வடிவம்) இருந்தால் சரிதான். உங்கள் 6 கிராம் அப்படியல்ல, அதே 9 பைகளிலிருந்து கணக்கிட்டது. வேறு 9 பை எடுத்திருந்தால் 4 வந்திருக்கலாம், 8-ம் வந்திருக்கலாம். ஆக சராசரி மட்டும் அசையவில்லை, அதை அளக்கும் அளவுகோலும் சேர்ந்து அசைகிறது. சில சமயம் அளவுகோல் தற்செயலாகச் சுருங்கிவிடும், அப்போது சாதாரண வித்தியாசம்கூட பிரமாண்டமாகத் தெரியும். டி பரவல் அந்தக் கூடுதல் சந்தேகத்தையும் சேர்த்துக்கொள்கிறது, அதனால்தான் அதன் வால்கள், அதாவது வளைவின் இரு ஓரங்கள், தடிமன்.

எண்களில்: திட்டப் பிழை 6-ஐ 3-ஆல் வகுத்தால் 2. வித்தியாசம் மைனஸ் 4. ஆக விகிதம் மைனஸ் 2. இசட் அட்டவணையில் எல்லை 1.96, மயிரிழையில் தாண்டிவிட்டீர்கள், பி மதிப்பு 0.046. டி அட்டவணையில் 9 பைகளுக்கு, அதாவது ஒன்று குறைத்து 8 என்ற வரியில், எல்லை 2.306. தாண்டவில்லை, பி மதிப்பு சுமார் 0.08. சாம்பிள் 5 என்றால் எல்லை 2.776, 30 என்றால் 2.045, 101 என்றால் 1.984. 30-க்கு மேல் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாகிவிடுகின்றன என்பதால் அட்டவணை புரட்டும் காலத்தில் வந்த குறுக்குவழிதான் உங்கள் விதி. இன்றைக்குக் கணினி இருக்கிறது, திட்ட விலக்கம் சாம்பிளிலிருந்து வந்தால் எப்போதுமே டி போடுங்கள், 3000 பேர் இருந்தாலும் எந்த நஷ்டமும் இல்லை.

இந்த டி-யைக் கொடுத்தவரைப் பற்றிச் சொல்லாமல் விட மனமில்லை. வில்லியம் சீலி காசெட், டப்ளினில் கின்னஸ் பீர் ஆலையில் வேலை பார்த்தவர். பீருக்குச் சேர்க்கும் பார்லி, ஹாப்ஸ் என்று அவர் கையாண்ட சோதனைகளில் சில எண்கள்தான் கிடைக்கும், நூற்றுக்கணக்கில் கிடைக்காது. சிறிய சாம்பிளுக்குப் பெரிய சாம்பிளின் கணக்கைப் போட்டால் ஏமாந்துபோவோம் என்று கண்டுகொண்டு 1908-ல் 'பயோமெட்ரிகா' இதழில் கட்டுரை எழுதினார். ஊழியர்கள் சொந்தப் பெயரில் ஆய்வுகளை வெளியிட ஆலை அனுமதிக்காததால் 'ஸ்டூடன்ட்' என்ற புனைபெயர். தன் சூத்திரம் சரியா என்று பார்க்க என்ன செய்தார் தெரியுமா? 3000 குற்றவாளிகளின் உயரமும் இடது நடுவிரல் நீளமும் கொண்ட ஒரு அட்டவணையை எடுத்து, அவற்றை 3000 அட்டைத் துண்டுகளில் எழுதிக் கலைத்து, நான்கு நான்காக 750 சாம்பிள்கள் எடுத்துக் கணக்குப் போட்டார். இன்று கணினியில் ஒரு விநாடியில் முடிகிற வேலை. நமக்குத் தெரிந்த வடிவத்துக்கு அந்த டி-யைக் கொண்டுவந்ததில் ஃபிஷருக்கும் பங்கு உண்டு.

உங்கள் பைகளுக்கு வருவோம். 9 பையில் நிறுத்திவிடாதீர்கள். 4 கிராம் குறைவு நிஜமாகவே இருக்கலாம், அதைப் பிடிக்க 9 போதவில்லை என்பதுதான் இப்போதைய நிலை.

கேள்வி: முக்கியத்துவம் இல்லை என்று வந்தால், "வித்தியாசம் இல்லை என்று நிரூபிக்கப்பட்டது" என்று எழுதலாமா?

பதில்: கூடாது. போன பதிலின் கடைசி வரிதான் இதற்கும் பதில், இருந்தாலும் எண்ணை வைத்துக் காட்டினால்தான் உறைக்கும்.

அந்த 36 பேர் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். பயிற்சி உண்மையிலேயே சராசரியை 4.5 மதிப்பெண் கூட்டுகிறது என்றே வைத்துக்கொள்வோம். இருமுனை, 5 சதவீதக் கோடு, 36 பேர். இந்த ஏற்பாட்டில் அந்த உண்மை சோதனையில் சிக்கும் வாய்ப்பு சுமார் 44 சதவீதம்தான். நாணயம் சுண்டிப் பார்ப்பதைவிடக் குறைவு! 80 சதவீதம் வேண்டுமென்றால் 88 பேர் தேவை. இருப்பதை இல்லை என்று விட்டுவிடும் இந்தத் தவறுக்கும், இல்லாததை இருக்கிறது என்று சொல்லும் தவறுக்கும் தனித்தனியாகக் கணக்கு வைக்க வேண்டும் என்று வகுத்துக் கொடுத்தவர்கள் ஜெர்சி நெய்மனும் ஈகான் பியர்சனும், 1930-ஐ ஒட்டிய ஆண்டுகளில். ஃபிஷருக்கு அவர்களுடைய அணுகுமுறை பிடிக்கவே இல்லை, மூவரும் வருடக்கணக்கில் சண்டை போட்டார்கள். இன்றைய பாடப்புத்தகம் இரு தரப்பையும் ஒரே அத்தியாயத்தில் ஒட்டவைத்து எதுவும் நடக்காததுபோல நகர்ந்துவிடுகிறது, மாணவர்கள் குழம்புவதில் ஆச்சரியமே இல்லை.

பி மதிப்பை மட்டும் எழுதாமல் நம்பிக்கை இடைவெளியையும், அதாவது தரவுக்கு ஒத்துப்போகும் சராசரிகளின் எல்லையையும், எழுதுங்கள். 104.5-க்கு இருபுறமும் 4.9 போட்டால் 99.6 முதல் 109.4 வரை. 100 அதற்குள் இருக்கிறது, உண்மைதான், ஆனால் 109-ம் அதற்குள்தான் இருக்கிறது. பயிற்சியால் ஒன்றும் இல்லை என்பதும் 9 மதிப்பெண் கூடும் என்பதும் இந்தத் தரவுக்கு ஒத்துப்போகிறது என்றால் "நிரூபிக்கப்பட்டது" என்ற வார்த்தை எங்கே வந்தது?

கேள்வி: எங்களிடம் 40,000 பேரின் மதிப்பெண் இருக்கிறது. எதைச் சோதித்தாலும் முக்கியத்துவம் உண்டு என்றே வருகிறது. மென்பொருளில் கோளாறா?

பதில்: மென்பொருள் சரியாகத்தான் வேலை செய்கிறது. திட்ட விலக்கம் 15 என்றால் 40,000 பேருக்குத் திட்டப் பிழை 0.075. சராசரி 100.2 வந்தாலே விகிதம் 2.67, பி மதிப்பு 0.008. வித்தியாசம் நிஜம்தான், ஆனால் 0.2 மதிப்பெண்ணை வைத்துக்கொண்டு யார் என்ன செய்யப் போகிறார்கள்? சோதனை "இது தற்செயலா" என்று கேட்கிறது, "இது பெரிதா" என்று கேட்பதில்லை. பெரிதா சிறிதா என்பதற்கு வித்தியாசத்தையே பாருங்கள், அதைத் திட்ட விலக்கத்தால் வகுத்துப் பாருங்கள். முதல் கேள்வி கேட்டவர் 0.3 என்று கண்டுபிடித்தாரே, அது வீண் போகவில்லை, இந்த இடத்துக்கு உரிய எண் அதுதான். இங்கே அது 0.013.

கேள்வி: மனித உடலின் வெப்பநிலை 37 டிகிரி செல்சியஸ் என்று எல்லோரும் சொல்கிறோம். இதை யாராவது இப்படிச் சோதித்துப் பார்த்திருக்கிறார்களா?

பதில்: பார்த்திருக்கிறார்கள், முடிவு சுவாரசியமானது. 37 என்ற எண் கார்ல் வுண்டர்லிச் என்ற ஜெர்மன் மருத்துவரிடமிருந்து வந்தது, 1868-ல் வெளியான புத்தகம், ஏராளமான நோயாளிகளின் அக்குளில் வெப்பமானி வைத்து எடுத்த அளவுகள். 1992-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் ஆரோக்கியமான 148 பேரிடம் வாயில் வெப்பமானி வைத்து 700 அளவுகள் எடுத்தார்கள். சராசரி 36.8, திட்ட விலக்கம் 0.4.

0.2 டிகிரி வித்தியாசம் தற்செயலா? 700 அளவுகள் என்று போட்டால் திட்டப் பிழை 0.015, விகிதம் மைனஸ் 13. ஆனால் பொறுங்கள், 700 அளவுகள் இருந்தாலும் ஆட்கள் 148 பேர்தான். ஒருவரிடம் காலையிலும் மாலையிலும் எடுத்த அளவுகள் ஒன்றையொன்று சார்ந்தவை; உடல் இயல்பாகவே சூடான ஒருவரை ஐந்து முறை அளந்தால் ஐந்து பேரை அளந்ததாக ஆகாது. சூத்திரம் கேட்பது சார்பற்ற அளவுகளின் எண்ணிக்கையை. கஞ்சத்தனமாக 148 என்றே போட்டாலும் திட்டப் பிழை 0.033, விகிதம் மைனஸ் 6. அப்போதும் கோட்டை வெகுதூரம் தாண்டிவிடுகிறது. இந்த உதாரணத்தில் முடிவு மாறவில்லை, ஆனால் மாறிவிடும் ஆய்வுகள் நிறைய. ஒரே ஆளைப் பலமுறை அளந்துவிட்டு ஒவ்வொன்றையும் தனி ஆளாக எண்ணுவதுதான் இந்தச் சோதனையில் நான் அதிகம் பார்க்கும் திருட்டு, பெரும்பாலும் தெரியாமல் செய்வது.

அப்புறம் இன்னொரு விஷயம். நிராகரித்தது எதை? "இந்த முறையில் அளக்கும்போது இப்படிப்பட்டவர்களின் சராசரி சரியாக 37" என்பதை. ஏன் குறைந்தது என்பதற்குச் சோதனையிடம் பதில் கிடையாது. அக்குளுக்கும் வாய்க்கும் வித்தியாசம், பழைய வெப்பமானிக்கும் புதியதற்கும் வித்தியாசம், ஆட்கள் வேறு, காலம் வேறு. மேலும் அந்த 37 வானத்திலிருந்து விழுந்ததல்ல, அதுவும் ஒரு சாம்பிளின் சராசரிதான். ஒரு சாம்பிள் சோதனை, ஒப்பிடும் எண்ணை அப்பழுக்கற்றதாக எடுத்துக்கொள்கிறது. அந்த எண்ணே 50 பேரிடமிருந்து வந்தது என்றால் நீங்கள் போட வேண்டியது இரு சாம்பிள் சோதனை. வேறொரு ஆய்வறிக்கையிலிருந்து சராசரியை எடுத்து "முழுமைத்தொகுதியின் சராசரி" என்று பெயர் சூட்டிவிடுகிறவர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்கவும்.

கேள்வி: சாம்பிள் ரொம்பப் பெரிதாக இருந்தால் எப்படி எடுத்தோம் என்பது அவ்வளவு முக்கியமில்லைதானே?

பதில்: 1936-ல் 'லிட்டரரி டைஜெஸ்ட்' என்ற அமெரிக்க இதழும் அப்படித்தான் நினைத்தது. ஒரு கோடிப் பேருக்கு வாக்குச்சீட்டு அனுப்பி 20 லட்சத்துக்கு மேல் பதில் வாங்கி, அதிபர் தேர்தலில் ரூஸ்வெல்ட்டை எதிர்த்து நின்ற லாண்டன் ஜெயிப்பார் என்று சொன்னது. ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46-ஐ வென்றார். முகவரிகள் வந்தது தொலைபேசிப் பட்டியல், கார் பதிவுப் பட்டியல் போன்றவற்றிலிருந்து. பொருளாதார மந்தநிலைக் காலத்தில் தொலைபேசியும் காரும் யாரிடம் இருந்திருக்கும்? போதாக்குறைக்குப் பதில் அனுப்பியவர்கள் நான்கில் ஒரு பங்குக்கும் குறைவு.

திட்டப் பிழை சொல்வது தற்செயலான அசைவை மட்டும். ஒரு பக்கமாகச் சாய்ந்த சாம்பிளைப் பெரிதாக்கினால் தவறான விடைக்குத்தான் இன்னும் நெருங்கிப் போவீர்கள், அதுவும் மிகுந்த தன்னம்பிக்கையோடு. முதல் கேள்வியிலும் இது ஒளிந்திருக்கிறது. அந்த 36 பேர் எப்படி வந்தார்கள்? தாங்களாகவே விரும்பிப் பெயர் கொடுத்தவர்களா? அப்படியானால் பயிற்சிக்கு முன்பே அவர்கள் சராசரியை விடக் கொஞ்சம் மேலே இருந்திருக்கலாம், பி மதிப்பு 0.0001 வந்தாலும் அந்தச் சந்தேகம் போகாது. முடிந்தால் பயிற்சி பெறாத ஒரு குழுவையும் குலுக்கல் முறையில் பிரித்து வைத்து அவர்களோடு ஒப்பிடுங்கள். முழுமைத்தொகுதியின் ஒற்றை எண்ணோடு ஒப்பிடுவது வேறு வழி இல்லாதபோது செய்கிற வேலை என்பது என் அபிப்பிராயம், சண்டைக்கு வர விரும்புகிறவர்கள் எழுதலாம்.

கேள்வி: என் தரவு இயல்நிலைப் பரவலில் இல்லை. டி சோதனை போடலாமா?

பதில்: எத்தனை எண்கள் என்று எழுதவில்லையே. 80, 100 இருந்து கொஞ்சம் சாய்வாக இருந்தால் தைரியமாகப் போடுங்கள், இயல்நிலையில் இருக்க வேண்டியது சராசரியின் பரவல்தான், மைய எல்லைத் தேற்றம் (எண்கள் கூடக் கூடச் சராசரியின் பரவல் மணி வடிவத்தை நெருங்கும் என்பது) அதைக் கவனித்துக்கொள்ளும். 8 எண்கள்தான், அதில் ஒன்று மற்றவற்றைவிடப் பத்து மடங்கு என்றால் வேண்டாம். முதலில் ஒரு புள்ளிப்படம் வரைந்து கண்ணால் பாருங்கள், அந்தப் பத்து மடங்கு எண் தட்டச்சுப் பிழையாகக்கூட இருக்கலாம்.

கேள்வி: கால்குலேட்டரில் திட்ட விலக்கத்துக்கு இரண்டு பொத்தான்கள் இருக்கின்றன. டி சோதனைக்கு எதை அழுத்துவது? முடிவை எப்படி எழுதுவது?

பதில்: எண்ணிக்கையில் ஒன்றைக் குறைத்து வகுக்கும் பொத்தான். கணினி விரிதாளிலும் சாம்பிளுக்கு உரியது, முழுமைத்தொகுதிக்கு உரியது என்று இரண்டு இருக்கும், சாம்பிளுக்கு உரியதை எடுங்கள். 9 பைகளுக்கு இந்த இரண்டுக்கும் 6 சதவீதம் வித்தியாசம் வரும், எல்லையில் நிற்கும் முடிவைப் புரட்டிப்போட அது போதும்.

எழுதும்போது இப்படி: "9 பைகளின் சராசரி 496 கிராம், திட்ட விலக்கம் 6 கிராம், 500 கிராமுடன் ஒப்பிட்ட இருமுனை டி சோதனையில் டி மதிப்பு மைனஸ் 2.0, பி மதிப்பு 0.08, சராசரிக்கான 95 சதவீத நம்பிக்கை இடைவெளி 491.4 முதல் 500.6 கிராம் வரை." பைகளை எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள் என்பதையும் ஒரு வரியில் சேர்த்துவிடுங்கள். ஒரே நேரத்தில் வரிசையாக வந்த 9 பைகளா, நாள் முழுக்கப் பிரித்து எடுத்தவையா என்று படிக்கிறவர் முதலில் அதைத்தான் தேடுவார்.